மழை வந்து கெடுத்த நாள்: 3 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு ஏமாற்றத்தைத் தாங்கப் பழக்குவது எப்படி?

பாலர்வகுப்பு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே மொரீஷியஸில் புயல் காலம் தொடங்கியாச்சு. பிள்ளைங்க ஆசைப்பட்டதெல்லாம் ரத்தாகிற மாசங்கள் இவைதான். ஃப்ளிக்கான்ஃப்ளாக் கடற்கரை, கசேலா விலங்குப் பூங்கா, பாம்ப்ளமூஸ் தோட்டம், ரீயூனியன் தீவிலிருந்து வர இருந்த அத்தை குடும்பம், எது வேணும்னாலும் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போகும். பெற்றோர் கூட்டத்தில் கொடுக்க ஒரு பக்கக் குறிப்பு எழுதணும். "எப்பவும் நல்லதையே நினை" என்று நாலு வரி அச்சடிச்சுக் கொடுக்க எனக்கு மனசில்லை, அதை வச்சுக்கிட்டு எந்த அம்மாவும் எதுவும் செய்ய முடியாது.

கேள்விகள் மூணு. அழுதுக்கிட்டிருக்கிற நாலு வயசுப் பிள்ளைகிட்ட முதல் ஐந்து நிமிஷம் என்ன செய்யறது? முன்கூட்டியே பழக்கி வைக்க என்ன வழி? "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று சொல்ற ஆறேழு வயசுப் பிள்ளைக்கு என்ன பதில்?

சொந்த வீட்டுக் கதைகளுக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடுது. இங்கே செய்முறை மட்டும் போதும், தயவுசெய்து.

குயர்பிப்_தூறல் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன் டீச்சர்.

அழுகை உச்சியில் இருக்கும்போது நியாயம் காதில் ஏறாது. "பரவாயில்லை, அடுத்த வாரம் போகலாம்" என்பது நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் மூணு வயசுக்கு அடுத்த வாரம் என்றால் எப்போது என்றே தெரியாது. நாலு வயசுக்கு அது "இப்போ இல்லை" என்று மட்டும் கேட்கும். அதனால் வரிசையை மாத்தாதீங்க: முதலில் உடம்பு, பிறகு வருத்தத்துக்கு ஒரு பேர், பிறகு சும்மா இருத்தல், கடைசியில்தான் பேச்சு.

உடம்பு என்றால் தரையில் உட்காருவது. நின்றபடி குனிஞ்சு பேசினால் திட்டுவது போலத்தான் தெரியும். நேர் எதிரில் வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில் உட்காருங்க. தொட்டால் கையைத் தட்டிவிடும் பிள்ளையைத் தொடாமல், கை எட்டும் தூரத்தில் இருந்தால் போதும்.

பேர் வைக்க இரண்டு மூணு குட்டி வாக்கியம் போதும். "கடலுக்குப் போகணும்னு இருந்தே. மழை வந்துடுச்சு. ஏமாற்றமா இருக்கு." பத்துச் சொல்லுக்கு மேல் போக வேண்டாம். வீட்டில் க்ரியோல் மொழி பேசினால் க்ரியோலிலேயே சொல்லுங்க, அழுகிற நேரத்தில் தமிழ்ப் பாடம் நடத்தாதீங்க.

அப்புறம் வாயை மூடிக்கிட்டு இரண்டு மூணு நிமிஷம். பெரியவங்க தவறுகிற இடம் இதுதான். மௌனம் தாங்காமல் கைப்பேசியையோ பிஸ்கட்டையோ நீட்டிடுவோம். எப்போதாவது ஒரு தடவை கொடுத்தால் ஒன்றும் குடிமுழுகாது. ஒவ்வொரு ஏமாற்றத்துக்கும் ஒரு தின்பண்டம் என்று ஆகிட்டா, வருத்தம் வந்தால் வாயில் எதையாவது போடணும் என்பதுதான் பாடமாகும்.

அழுகை தேம்பலாக இறங்கினதும் மூச்சு. 2 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்தில் ஒரு காகிதப் பட்டை வெட்டி வச்சுக்கோங்க. பிள்ளையின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கவிட்டுப் பிடிச்சு, பட்டை படபடக்காமல் மெதுவாச் சாஞ்சபடியே நிற்கிற மாதிரி ஊதச் சொல்லுங்க. வேகமா ஊதினால் பட்டை ஆடும், அதனால் பிள்ளை தானாகவே மெல்ல, நீளமா ஊதும். வெளிமூச்சு நீண்டால் நெஞ்சுத் துடிப்பு தணியும், அதுக்குத்தான் இந்த வேலை. நாலு அல்லது ஐந்து தடவைக்கு மேல் வேண்டாம், தலை சுத்தும். முக்கியமா, இதைச் சிரிச்சு விளையாடும் நாளில் பழக்கியிருக்கணும். அழும்போது முதல் தடவையா நீட்டினால் பட்டையைக் கிழிச்சுப் போடும்.

அதுக்கு அப்புறம் இரண்டே தேர்வு: "ஜன்னல்கிட்ட உட்கார்ந்து மழையைப் பார்க்கலாமா, இல்லை குளியல் தொட்டியில் கடல் பொம்மைகளை விடலாமா?" "என்ன செய்யலாம் சொல்லு" என்று திறந்த கேள்வி கேட்டால் பதில் "கடலுக்குப் போகலாம்" என்றுதான் வரும்.

பொர்லூயி_பெரியவர் எழுதியது:

தம்பி சொல்வது எல்லாம் சரி. ஆனால் ஒரு மழைக்கு இத்தனை உபசாரமா? எங்கள் காலத்துப் பிள்ளைகள் அழுதார்கள், ஓய்ந்தார்கள், விளையாடப் போனார்கள். பட்டையும் தொட்டியும் காட்டி வளர்த்தால் நாளை பி.எஸ்.ஏ.சி. என்ற தொடக்கப்பள்ளி இறுதிப் பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால் யார் பட்டை பிடிப்பார்கள்? "அழாதே, வெட்கமாக இல்லையா?" என்று ஒரு அதட்டு போட்டால் நிமிடத்தில் அடங்கும்.

மோக்கா_வாத்தியார் எழுதியது:

ஐயா, அடங்கும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. எது அடங்குகிறது என்பதுதான் கேள்வி.

கரோலின் சார்னி என்ற உளவியலாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருத்தமானது. பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் நல்ல பரிசு கொடுத்தார்கள். அடுத்த முறையும் அப்படியே எதிர்பார்த்து வந்த பிள்ளையின் கையில் கைக்குழந்தை விளையாடும் பொம்மையைக் கொடுத்து முகத்தைக் கவனித்தார்கள். வயது கூடக் கூடப் பிள்ளைகள் ஏமாற்றத்தை முகத்தில் காட்டாமல் மறைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து பமிலா கோல் என்பவர் 3, 4 வயதுச் சிறுமிகளிடமும் இதைக் கண்டார்: கொடுத்தவர் எதிரில் இருக்கும் வரை சிரிப்பு, அவர் வெளியே போனதும் முகம் மாறியது. ஆக, முகத்தைச் சரிசெய்ய பிள்ளை வெகு சீக்கிரம் கற்றுக்கொள்ளும். விருந்தினர் முன் அந்த நாகரிகம் வேண்டியதுதான். ஆனால் அதட்டலுக்குப் பிறகு சிரிக்கிற பிள்ளை ஏமாற்றத்தைத் தாண்டிவிட்டது என்று கணக்கு எழுத முடியாது.

இனி டீச்சரின் மூன்றாவது கேள்வி. என்னைக் கேட்டால் இந்த இழையின் நடுமையமே அதுதான்.

ஒரு தோல்வி வந்தால் மனிதர் தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறார். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1978 முதல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். காரணத்தை மூன்று பக்கமாகப் பார்க்கலாம். எப்போதுமா, இந்த முறை மட்டுமா? எல்லாவற்றிலுமா, இந்த ஒன்றில் மட்டுமா? முழுக்க என் குற்றமா, வேறு காரணங்களும் உண்டா? "எனக்கு வரைய வராது" என்பது எப்போதும். "நான் மக்கு" என்பது எப்போதும், எல்லாவற்றிலும், என் குற்றம் என மூன்றும் சேர்ந்தது. "இந்தக் குதிரையின் கால் கோணலாகிவிட்டது, பென்சிலை அழுத்திப் பிடித்துவிட்டேன்" என்பது இந்த முறை, இந்த ஒன்று, மாற்றக்கூடிய காரணம். நம்பிக்கை நிற்கும் இடம் இந்தக் கடைசி வாக்கியம்தான். வெறும் உற்சாகச் சொல்லில் அது நிற்காது.

சின்னப் பிள்ளை இந்தக் காரணங்களைச் சொந்தமாக யோசித்துச் செய்வதில்லை. பெரும்பாலும் நம் வாயிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பால் கொட்டினால் "எப்பவுமே இப்படித்தான் நீ" என்கிறோம். கார் கிளம்பாவிட்டால் "நமக்கு எதுவும் விளங்காது" என்று நம்மைப் பற்றியே சொல்கிறோம். பிள்ளை பின்னிருக்கையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். எனவே குறிப்பில் முதல் வரியாக இதைப் போடுங்கள் டீச்சர்: வீட்டில் "எப்பவும்", "எதுவுமே", "நீ ஒரு" என்ற மூன்றும் பிள்ளையைப் பற்றிய குறையோடு சேர்ந்து வரக்கூடாது.

கமின்ஸ், ட்வெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1999-இல் 5, 6 வயதுப் பிள்ளைகளிடம் பொம்மைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கதையில் வரும் ஆசிரியர் சில பிள்ளைகளுக்கு ஆளைக் குறை சொன்னார், சிலருக்கு "வேறு விதமாகச் செய்து பார்க்கலாமே" என்றார். ஆளைக் குறை கேட்ட பிள்ளைகள் அடுத்த தவறு வந்ததும் துவண்டுபோனார்கள். வேடிக்கை என்னவென்றால், "நீ ரொம்ப நல்ல பிள்ளை, கெட்டிக்காரி" என்று ஆளைப் புகழ்ந்ததும் அதே விளைவைத்தான் தந்தது. ஜெயிக்கும்போது கெட்டிக்காரி என்றால், தோற்கும்போது யார் என்று பிள்ளைதானே முடிவுசெய்துகொள்ளும்.

ரோஸ்ஹில்_அம்மா எழுதியது:

வாத்தியார் ஐயா, "நான் மக்கு" என்று பிள்ளை சொன்னதும் "இல்லடா, நீ கெட்டிக்காரன்" என்று நாங்கள் எல்லாருமே சொல்கிறோம். அதுவும் தப்பா? பின்னே என்னதான் சொல்றது?

மோக்கா_வாத்தியார் எழுதியது:

தப்பு என்பதைவிட, பலிக்காது அம்மா. கையில் 20-க்கு 6 வாங்கிய தாளை வைத்திருக்கிற பிள்ளையிடம் கெட்டிக்காரன் என்றால், தாளை நம்புமா, உங்களை நம்புமா?

செய்து பாருங்கள். முதலில் மறுக்காமல், "மக்கு மாதிரி தோணுதா? எந்தக் கணக்குக்கிட்ட அப்படித் தோணிச்சு?" என்று கேளுங்கள். பிள்ளை விரலை ஒரு இடத்தில் வைக்கும். அப்போதே "எல்லாம்" என்பது "இது" ஆகிவிடுகிறது. அந்தக் கணக்கில் சரியாக வந்த படியைத் தேடிச் சொல்லுங்கள்: "பத்தைக் கடன் வாங்கியது சரி. வாங்கினதை இங்கே கழிக்க மறந்துட்டே." பிறகு அதே மாதிரி இன்னும் எளிதான ஒரே ஒரு கணக்கு, உடனே. பத்துக் கணக்குக் கொடுத்தால் தண்டனை ஆகிவிடும். க்ரியோலில் "மோ பா காபாவ்" (என்னால் முடியாது) என்று சொல்லும் பிள்ளைக்கு "மோ பாங்கோர் காபாவ்" என்று திருப்பிச் சொல்லிப் பழக்கலாம். இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அடுத்த படியைக் காட்டாமல் அந்தச் சொல்லை மட்டும் மந்திரம் போல ஓதினால் பிள்ளை இரண்டே நாளில் கேலி செய்ய ஆரம்பித்துவிடும்.

ஏழெட்டு வயதுக்குக் கீழே "உன் எண்ணம் சரியா என்று சாட்சி தேடு" என்கிற வாதமுறை வேண்டாம். அந்த முறைப் பயிற்சிகள் 10 வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கென்று உருவானவை. சின்னவர்களுக்கு விரல் வைத்துக் காட்டும் இடம்தான் சாட்சி.

தாமரைத்தடாகம் எழுதியது:

இரண்டாவது கேள்வியை யாரும் தொடலையே. என் பங்கு.

மொரீஷியஸில் புயல் எச்சரிக்கை 1-ஆம் வகுப்பிலிருந்து 4-ஆம் வகுப்பு வரை படிப்படியாக ஏறுது, வானொலியில் பிள்ளையும் கேட்குது. அந்தப் படிகளையே பயன்படுத்தலாம். வெளியே போகத் திட்டமிடும் அன்றைக்கே இரண்டு படம் வரையுங்க, அஞ்சலட்டை அளவு போதும். ஒன்றில் கடற்கரை, இன்னொன்றில் வீட்டு நாள். வீட்டு நாள் படத்தில் "வீட்டில் இருப்போம்" என்று பொதுவா வரையாதீங்க, செய்யப்போறது தெரியணும்: மேசைக்கு மேல் போர்வை போட்ட கூடாரம், உள்ளே டார்ச், தட்டில் காத்தோ பிமா (மிளகாய் போட்ட பருப்பு வடை). இரண்டையும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, கடற்கரைப் படத்தில் துணி கிளிப் மாட்டுங்க. 1-ஆம் வகுப்பு எச்சரிக்கை வந்ததும் கிளிப்பை இரண்டுக்கும் நடுவில் கொண்டுவாங்க, பிள்ளையே நகர்த்தட்டும். உறுதியாக ரத்து என்றானதும் வீட்டுப் படத்துக்கு.

இதில் கெட்டுப்போகிற இடங்கள்: வீட்டுப் படத்தைப் பிள்ளையைக் கேட்காமல் நாமே வரைவது. அதில் சாமான் இல்லாத ஒன்றைப் போடுவது (புயல் நாளில் கடை மூடியிருக்கும், பருப்பு இருக்கான்னு முதலில் பாருங்க). ரத்தான பிறகு அவசர அவசரமா வரைவது, அதை மாற்றுத் திட்டம்னு பிள்ளை ஏத்துக்காது, சமாதானம் பண்றாங்கன்னு கண்டுபிடிச்சுடும். இன்னொன்று: வீட்டு நாளைக் கடற்கரையைவிட ஜோர் என்று விற்காதீங்க. அது இரண்டாவதுதான். இரண்டாவதும் நல்லா இருக்கலாம், அவ்வளவே.

நாள் எண்ணக் காகித வளையச் சங்கிலி எல்லாரும் செய்வாங்க, ஒரு இரவுக்கு ஒரு வளையம். 3, 4 வயசுக்கு ஐந்து வளையத்துக்கு மேல் போனால் பொறுமை போயிடும். நான் சொல்ல வந்தது கடைசி வளையம் பற்றி. அதை மட்டும் இரண்டு நிறக் காகிதம் ஒட்டிச் செய்யுங்க. நீலம் வந்தால் போவோம், மஞ்சள் என்றால் வீட்டு நாள். முதல் நாளே சொல்லி ஒட்டினால், அது பின்னாடி வந்த துரோகமாகத் தெரியாது.

பொர்லூயி_பெரியவர் எழுதியது:

கிளிப் நல்ல யோசனை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "போகலாம்" என்று வாக்குக் கொடுப்பதையே குறைத்துக்கொண்டால் இத்தனை வேலை வேண்டாமே.

மோக்கா_வாத்தியார் எழுதியது:

ஐயா சொன்னதில் விஷயம் இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிடக் கூடாது.

உடனே தின்றால் ஒரு மிட்டாய், காத்திருந்தால் இரண்டு என்ற பிரபலமான சோதனை பலருக்குத் தெரியும். 2013-இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலெஸ்ட் கிட் குழுவினர் அதற்கு முன்னால் ஒரு படி சேர்த்தார்கள். 3 முதல் 5 வயது வரை 28 பிள்ளைகள். பாதிப் பேரிடம் "நல்ல வண்ணப் பென்சில் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். ஒட்டுப்படங்களிலும் அப்படியே. மீதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். அதன் பிறகு மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரி 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்.

ஆகவே, நல்லது வரும் என்று நம்புவது பிள்ளையின் குணத்தில் மட்டும் இல்லை, நம் வாயிலும் இருக்கிறது. வானிலையால் போனதைப் பிள்ளை பொறுத்துக்கொள்ளும். "சாயங்காலம் பார்க்கலாம்" என்று சொல்லி மறந்துபோவதைத்தான் கணக்கு வைத்துக்கொள்கிறது. நம் கையில் இல்லாததற்கு "முயற்சி பண்ணுவோம்". நம் கையில் இருப்பதற்கு மட்டும் "கண்டிப்பா". இந்த இரண்டு சொல்லையும் வீட்டில் கலக்காமல் பேசினாலே போதும்.

கட்டை_அடுக்கு எழுதியது:

விளையாட்டைப் பற்றி ஒருத்தரும் பேசலை! தோற்கப் பழக அதைவிடச் சின்ன, பாதுகாப்பான இடம் ஏது?

பாம்பு ஏணிதான் சிறந்தது, ஏன்னா அதில் திறமை கிடையாது, யாரும் விட்டுக்கொடுக்கவும் முடியாது. கடையில் விற்கிற 100 கட்டம் நாலு வயசுக்கு ரொம்ப நீளம். அதைவிட மோசம், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற நீளப் பாம்பு. வீட்டில் பலகை பறக்கிறது எல்லாம் அந்தப் பாம்பால்தான். 36 கட்டப் பலகையை நீங்களே வரைஞ்சு, மூணு ஏணி, மூணு பாம்பு வைங்க. நீளமான பாம்பு நடுவில் இருக்கட்டும், கடைசி வரிசை சுத்தமா இருக்கட்டும். விழுந்தாலும் எழுந்திருக்க இடம் மிச்சம் இருக்கிற மாதிரி.

நீங்க பாம்பில் விழும்போது பேசுங்க, அதுதான் பாடம். "சே! எவ்வளவு மேலே வந்தேன். எரிச்சலா இருக்கு. சரி, முன்னாடி ஒரு ஏணி இருக்கு, உருட்டு பார்ப்போம்." எரிச்சலை மறைக்காமச் சொல்லணும், ரெண்டே வரியில் முடிக்கணும். விழுந்ததும் ஹாஹா என்று சிரிக்கிற அப்பாவைப் பார்த்து எந்தப் பிள்ளையும் எதையும் கத்துக்காது, அவருக்கு வலிக்கலை என்பதைத்தான் பார்க்கும்.

வேணும்னே தோற்பது பற்றி: திறமை விளையாட்டில் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம், ஆனால் வெளிப்படையா. "நான் இடது கையால கேரம் அடிக்கிறேன்" மாதிரி. ரகசியமாத் தோற்றால் ஒரு நாள் தெரிஞ்சுபோகும், பழைய வெற்றி அத்தனையும் அன்னைக்கே செல்லாக்காசு. ஜோடி அட்டை விளையாட்டில் சலுகையே வேண்டாம், பல பிள்ளைங்க நம்மை நிஜமாவே ஜெயிப்பாங்க. 4 வயசுக்கு 6 ஜோடி, 6 வயசுக்கு 10 ஜோடியில் ஆரம்பிங்க.

சாத்காரி எழுதியது:

இந்த ஊருக்கே உரிய ஒரு ஏமாற்றம் உண்டு, அதை யாரும் தொட மாட்டேன் என்கிறீர்கள். தைப்பூசத்தில் காவடியில் கட்டிய செம்புப் பால் திரிந்துபோவது. சின்னப் பிள்ளைகளும் விரதம் இருந்து குட்டிக் காவடி எடுக்கிறார்கள். கோயில் வாசலில் செம்பைத் திறந்தால் பால் திரிந்திருக்கிறது. பக்கத்தில் நிற்கும் யாராவது ஒரு பெரியம்மா "விரதத்தில் ஏதோ குறை" என்று சொல்லிவிடுகிறார். ஏழு வயதுப் பிள்ளை என்ன நினைக்கும்?

மோக்கா_வாத்தியார் எழுதியது:

அருமையான கேள்வி. "எப்போதும், எல்லாமே, என் குற்றம்" மூன்றும் ஒரே சொல்லில், அதுவும் சாமி பெயரால்.

பால் திரிவதற்குக் காரணம் புளிப்பு. பாலில் உள்ள நுண்ணுயிர்கள் பால் சர்க்கரையைப் புளிப்பாக மாற்றுகின்றன, இங்கே தை மாதக் கோடை வெயிலில் இது பலமடங்கு வேகமாக நடக்கும். இன்னொரு காரணத்தை வீட்டில் யாரும் யோசிப்பதில்லை: பித்தளைச் செம்பைப் புளியோ எலுமிச்சையோ போட்டு விளக்குகிறோம். கழுத்துப் பகுதியிலும் விளிம்பின் மடிப்பிலும் அது கொஞ்சம் தங்கினாலும் பால் திரிய அது போதும். எனவே முந்தைய இரவே விளக்கி, மூன்று நான்கு தண்ணீர் விட்டு அலசி, விரல் விட்டு மடிப்பைத் தேய்த்து, துடைத்துக் காயவையுங்கள். பாலைக் கிளம்பும் நேரத்தில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஊற்றுங்கள். அலசும் வேலையைப் பிள்ளையிடமே கொடுக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் திரிந்தால்? பெரியவர்களின் நம்பிக்கையோடு அந்த இடத்தில் வாதம் வேண்டாம். பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய், "வெயிலில் பால் திரியும். நீ நடந்தது நடந்ததுதான், அதை யாரும் எடுக்க முடியாது" என்று சொன்னால் போதும். அந்தப் பெரியம்மாவுக்குத் தனியாக, இன்னொரு நாள், மரியாதையோடு சொல்லலாம்.

பொர்லூயி_பெரியவர் எழுதியது:

புளி விஷயம் உண்மை. இதைக் கோயில் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும். விரதத்தையும் பிள்ளையின் நடத்தையையும் முடிச்சுப் போடுவது எனக்கும் பிடிக்காது. முருகன் ஏழு வயதுப் பிள்ளையிடம் கணக்குப் பார்க்கிறவர் இல்லை.

ரோஸ்ஹில்_அம்மா எழுதியது:

படுக்கும்போது "இன்னைக்கு நடந்த மூணு நல்ல விஷயம் சொல்லு" என்று கேட்கச் சொல்றாங்களே, அது எப்படி?

குயர்பிப்_தூறல் எழுதியது:

பெரியவங்களுக்கு நல்லது. நாலு வயசுக்கு மூணு கேட்டால் இரண்டாவதுக்கே கண் சொக்கிடும், இல்லைன்னா தினமும் "சோறு, அம்மா, பூனை" தான். ஒன்று கேளுங்க, அதைக் குடையுங்க. "மாம்பழம் சாப்பிட்டேன்" என்றால், "யார் வெட்டினா? கொட்டை யாருக்குக் கிடைச்சுது? கை எல்லாம் ஒட்டிச்சா?" அந்த ருசி திரும்ப வரும், அதுக்குத்தான் கேட்கிறோம். கூடவே "பிடிக்காதது ஒன்று" என்றும் கேளுங்க. நல்லதை மட்டும் கேட்கும் வீட்டில் கெட்டது சொல்ல இடமில்லைன்னு பிள்ளை முடிவுகட்டிடும். வரிசை: பிடிக்காதது முதலில், பிடிச்சது பின்னாடி, அதோடு விளக்கை அணைங்க. அதிகம் அழுத நாளில் இதைக் கேட்கவே வேண்டாம்.

"சாப்பாடில்லாத பிள்ளைங்க எத்தனை பேர், நீ ஏன் அழற" என்பதை நன்றியுணர்வுன்னு நினைக்கிறவங்க இருக்காங்க. அதில் பிள்ளைக்கு ஒரு வருத்தத்தோடு ஒரு குற்ற உணர்ச்சியும் சேரும், வேறொன்றுமில்லை.

மோக்கா_வாத்தியார் எழுதியது:

இதோடு ஒரு தகவல். பாம்ஃபர்ட், லகட்டுட்டா என்ற இரு ஆய்வாளர்கள் 5 முதல் 10 வயது வரை 90 பிள்ளைகளிடம் கதைகள் காட்டிக் கேட்டார்கள், 2012-இல் வெளிவந்தது. நல்லவிதமாக நினைத்தால் மனசு தேறும் என்பது 5 வயதுக்கே புரிகிறது. ஆனால் கதையில் நடந்தது மோசமானதாக இருந்தால், கைமுறிவு போல, அப்போது நல்லவிதமாக நினைத்துத் தேறலாம் என்பது சின்னவர்களுக்குப் பிடிபடவில்லை. நமக்கு அது மிக வேண்டிய இடத்தில்தான் அவர்களுக்கு அது வராது. வயதுக்கு அடுத்தபடியாக இந்தப் புரிதலோடு ஒத்துப்போனது பிள்ளையின் சொந்த நம்பிக்கை அல்ல, பெற்றோரின் நம்பிக்கை.

வாக்வா_தாதி எழுதியது:

சுருக்கமாக. மேலே சொன்னவை அன்றாட ஏமாற்றத்துக்கு. வீட்டில் சாவு, பெற்றோர் பிரிவு, புயலில் வீடு சேதம் போன்றவற்றில் "நல்ல பக்கம்" தேடவே வேண்டாம், பக்கத்தில் இருங்கள், அன்றாட நேரங்களை மாற்றாதீர்கள். பிடித்த விளையாட்டில் நாட்டமின்மை, தூக்கக் கெடுதல், சாப்பாடு குறைதல், விட்ட படுக்கை நனைத்தல் திரும்புதல் இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அழுகை வழக்கமாகவே 25 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது பிள்ளை தன்னையே அடித்துக்கொண்டால், காத்திருக்க வேண்டாம். சில பிள்ளைகள் பிறவியிலேயே மெல்ல ஆறுகிறவர்கள், அது நோயில்லை. அண்ணனோடு ஒப்பிட்டு அவசரப்படுத்தாதீர்கள்.

பாலர்வகுப்பு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. குறிப்பில் இப்போ இருப்பது: "எப்பவும், எதுவுமே, நீ ஒரு" தடை, காகிதப் பட்டை, கிளிப்பும் இரண்டு படமும், "முயற்சி பண்ணுவோம்/கண்டிப்பா", படுக்கை நேரக் கேள்வி, தாதி அக்கா சொன்ன அறிகுறிகள். பால் செம்பு பற்றித் தனித் தாள், அதைக் கோயிலில் கொடுக்கிறேன் என்று சாத்காரி சொன்னார். மூச்சுப் பயிற்சியை வகுப்பில் காலை வேளையில் பழக்கிடுவேன், வீட்டில் முதல் தடவையா இருக்காது.

@கட்டை_அடுக்கு, அந்த 36 கட்டப் பலகையின் எண்கள் கொடுங்க. பெற்றோர் அப்படியே வரையட்டும்.

கட்டை_அடுக்கு எழுதியது:

இரண்டு ஏ4 தாளின் நீளப் பக்கங்களைச் சேர்த்து ஒட்டினால் 6-க்கு 6 கட்டம், ஒவ்வொன்றும் 4.5 செ.மீ. வரும். எண் இடமிருந்து வலம், அடுத்த வரிசை வலமிருந்து இடம்.

ஏணி: 3-லிருந்து 14, 8-லிருந்து 20, 17-லிருந்து 29.
பாம்பு: 13-லிருந்து 4, 22-லிருந்து 9, 27-லிருந்து 16.
31 முதல் 36 வரை ஒன்றும் வேண்டாம்.

36-ஐச் சரியாத் தொடணும் என்ற விதியை எடுத்துடுங்க, தாண்டினாலும் வெற்றிதான். அந்த விதி இருந்தால் கடைசிக் கட்டத்தில் நின்னுக்கிட்டு பத்து முறை உருட்டணும், சின்னவங்களுக்கு அங்கேதான் பொறுமை போகும். எண்களைத் தடிப் பேனாவில் பெருசா எழுதுங்க, புயல் நாளில் கரண்ட் போனால் டார்ச் வெளிச்சத்தில் தெரியணும். பாம்புக்குப் பல் வரையாதீங்க, மூணு வயசு பயப்படும்.